சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி

கேள்வி:

அக்கா, வணக்கம். எனக்கு 26 வயது. அப்பாவின் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் சிவில் முடித்துவிட்டு, பயிற்சிப் பொறியாளராகப் பதிவு செய்து, இரண்டு வருடமாக இங்கே ஒரு கட்டமைப்புப் பொறியியல் அலுவலகத்தில் இருக்கிறேன். என் பிரச்சினை என் மூத்த பொறியாளர். சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த தமிழர், அறுபதைத் தாண்டியவர். எதைக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடும். விடையும் சொல்ல மாட்டார். சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். போன மாதம் ஒரு பால்கனிக் கணக்கு நான்கு முறை திரும்பியது. கான்கிரீட் போடும் நாளில் காலை ஐந்தரைக்கே சைட்டில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் முன்பு கம்பி கட்டும் ஆட்கள் எதிரில், "இதைப் பார்க்காமல் வேறு என்னத்தைப் பார்த்தாய்?" என்று சத்தம் போட்டார். கூடப் படித்தவர்கள் ஜோகன்னஸ்பர்க்கில் என்னைவிட நல்ல சம்பளத்தில் தனியாக ப்ராஜெக்ட் பார்க்கிறார்கள். எனக்கும் அங்கிருந்து ஒரு வேலை வந்திருக்கிறது. "இங்கே உங்களை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்" என்று இன்டர்வியூவிலேயே சொன்னார்கள். அம்மா, "இத்தனை திட்டு வாங்கிக்கொண்டு ஏன்டா அங்கே கிடக்கிறாய், போய்விடு" என்கிறார். அப்பா வாயே திறக்கவில்லை. திரும்பி வந்த பக்கம் ஒன்றின் படத்தை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். "உங்களை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்." உங்களுக்கு அது விடுதலை மாதிரிக் கேட்டிருக்கும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபத்தாறு வயதுப் பையன் போடும் கணக்கை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டோம் என்று ஓர் அலுவலகம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் யாரோ குடியிருக்கப் போகிறார்கள் அல்லவா?

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால்தான் புரியும்.

நான் திருச்சியிலிருந்து டர்பன் வந்தது 1997-ல். அடுத்த வருடம் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. முதல் மாடியில் வரிசையாகப் பால்கனிகள், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பவை. தளத்தின் கனம் 150 மில்லிமீட்டர். கணக்கு போட்டது நான், வரைந்தது நான், கான்கிரீட்டுக்கு முன்னால் கம்பியைப் பார்த்துச் 'சரி' சொன்னதும் நான். என் மூத்தவர் அன்று காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ரெடிமிக்ஸ் லாரி ஆறு கன மீட்டரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவர் நேராக ஏணி ஏறினார். பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து, பக்கப் பலகையின் மேல் விளிம்பிலிருந்து, அதாவது கான்கிரீட்டின் மேல்மட்டம் வரப்போகும் இடத்திலிருந்து, கம்பி வரைக்கும் இறக்கினார். பிறகு டேப்பை என் கையில் கொடுத்து, "எவ்வளவு?" என்றார்.

65 மில்லிமீட்டர்.

"எவ்வளவு இருக்க வேண்டும்?"

25.

கட்டும்போது கம்பி சரியாகத்தான் இருந்தது. மேல் கம்பியைத் தூக்கி நிறுத்தும் சேர் கம்பிகளைப் போதுமான அளவு வைக்கவில்லை. காலையிலிருந்து ஆட்கள் அதன்மேல் நடந்து நடந்து, கம்பி 40 மில்லிமீட்டர் கீழே போய்விட்டது. நான் அந்தக் கம்பியைத் தள்ளி நின்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத்தான் 'சரி' என்று சொல்லியிருந்தேன். கம்பி இருக்கிறதா என்று பார்த்தேன். அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

நம் தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் தளம் பாரம் ஏறினால் நடுவில் தொய்யும், அதனால் அடிப்பக்கம் இழுபடும், கம்பியும் அடியில் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் இது தலைகீழ். நுனி தாழப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். அங்கே கம்பி மேலே இருந்தால்தான் அதற்கு வேலை. கீழே இறங்க இறங்க அந்தக் கம்பி வெறும் இரும்பு.

அவர் சத்தம் போடவில்லை. லாரிக்காரரைக் கூப்பிட்டு, திரும்பிப் போகச் சொன்னார். ஆறு கன மீட்டர் கான்கிரீட்டின் பில் எங்கள் அலுவலகத்தின் தலையில் விழுந்தது. மேஸ்திரி முதல் சித்தாள் வரை அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். அப்புறம் அவர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு கடையில் ஆளுக்கொரு கால் ரொட்டி பீன்ஸ் பன்னி (ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு ஊற்றித் தருவது) வாங்கினார். அது சுற்றி வந்த தாளைக் கிழித்து என்னிடம் நீட்டி, "பலம் எவ்வளவு போயிருக்கும், போடு" என்றார். கை நடுங்கியது. கம்பியின் மையத்திலிருந்து தளத்தின் அடி வரை கிட்டத்தட்ட 120 இருக்க வேண்டும், 80 தான் இருந்தது. பலம் அந்த ஆழத்தோடு கூடவே போகும். மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. அந்தத் தாளில் குழம்பு எண்ணெய் ஊறி எழுத்து கலங்கிக்கொண்டிருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "மத்தியானம் திரும்பவும் போகிறோம். எல்லா பால்கனியையும் நீயே அளக்கிறாய்."

இன்றைக்கும் என் கைப்பையில் டேப் இருக்கிறது. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் இருக்கும்.

தம்பி, அன்றைக்கு என் மூத்தவர் 'அந்தப் பெண்தான் பார்த்துவிட்டதே' என்று வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பால்கனிகள் நின்றுதான் இருக்கும். ஒரு வருடம், ஐந்து வருடம் நின்றிருக்கும். ஒரு கல்யாண நாளிலோ தீபாவளியிலோ பத்துப் பேர் சேர்ந்தாற்போல் ஓரத்தில் வந்து நிற்கும்வரை நின்றிருக்கும். நானும் என்னைக் கெட்டிக்காரி என்றே நினைத்துக்கொண்டு, அதே தப்பை அடுத்த கட்டடத்திலும் செய்திருப்பேன்.

டொங்காட் உங்களுக்கு நினைவிருக்கும், அப்போது நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். நம் ஆட்கள் கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து வாழ்கிற ஊர். 2013 நவம்பர் 19-ஆம் தேதி அங்கே கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் சரிந்தது. இரண்டு பேர் செத்தார்கள், 29 பேருக்குக் காயம். அதற்குப் பிறகு நடந்த விசாரணையில் ஒரு பீமைப் பற்றிச் சொன்னார்கள்: 19 கம்பி இருக்க வேண்டிய இடத்தில் 7 தான் இருந்தது. நான் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. 19 எங்கே, 7 எங்கே? அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். விரல் விட்டு எண்ணினால் தெரியும். கான்கிரீட் விழுவதற்கு முன்னால் ஒருவர் குனிந்து எண்ணியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 2024 மே 6-ஆம் தேதி ஜார்ஜ் நகரில் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் விழுந்து 34 பேர் போனார்கள். உங்கள் பெரியவர் காலை ஐந்தரைக்கு உங்களை சைட்டுக்கு இழுப்பது இதற்காகத்தான். கம்பி கண்ணுக்குத் தெரிவது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும். ஏழு மணிக்கு லாரி வந்துவிட்டால் பிறகு யாராலும் எண்ண முடியாது.

இப்போது அந்தச் சிவப்பு மை. அவர் அலுவலகத்தில் எத்தனை வேலை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் பால்கனிக் கணக்கை அவரே போட்டிருந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். நான்கு முறை திருப்பியிருக்கிறார் என்றால் நான்கு முறை கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார் என்று அர்த்தம். விடையை எழுதிக் கொடுத்தால் அவருக்கு மிச்சம், உங்களுக்கு நஷ்டம். வட்டம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்கு அவர் தன் நேரத்தைச் செலவழிக்கிறார், அதற்கு யாரும் அவருக்குத் தனியாகச் சம்பளம் தருவதில்லை.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நகராட்சிக்குப் போகும் வரைபடத்தோடு ஃபார்ம் 2 போகிறது. கட்டமைப்புக்கு நான் பொறுப்பு என்று அதில் கையெழுத்துப் போடுபவர் அவர். உங்கள் பெயர் அதில் இல்லை, இன்னும் இருக்கவும் முடியாது. நீங்கள் போட்ட கணக்கு விழுந்தால் விழுவது அவர் பெயர். நாற்பது வருடம் சேர்த்த பெயரை அடமானமாக வைத்து உங்களை வேலை பழக விட்டிருக்கிறார்.

அவர் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1960-களில், எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி, இந்தியக் குடும்பங்களை வேரோடு பிடுங்கிக் கொண்டுபோய் வைத்த இடம் அது. அந்தத் தலைமுறைக்கும் அதற்கு முந்தியவர்களுக்கும் படிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது, படித்த பிறகு பக்கத்தில் உட்கார வைத்துத் தொழில் சொல்லித்தர ஓர் ஆள் கிடைப்பது. டர்பன் கிளேர்வுட்டில் பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தமிழ்ப் பெண் நவி பிள்ளை, பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஆனவர், 1967-ல் சொந்தமாகச் சட்ட அலுவலகம் திறந்தார். நட்டாலில் வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அப்படித் திறந்தது அதுவே முதல் முறை. வேறு வழியில்லாமல்தான் திறந்தேன், எந்த அலுவலகமும் என்னை வேலைக்கு எடுக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் பெரியவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு நாள் கேளுங்கள். அந்தப் பதில் உங்களுக்கு நிறையப் புரிய வைக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. கடுமையாக இருக்கிறவர்கள் எல்லாரும் ஆசான்கள் இல்லை. நான் வேறோர் இடத்தில் ஏழு மாதம் ஒருவரிடம் இருந்தேன். அவரும் திருப்பி அனுப்புவார். ஆனால் தாளில் ஒரு கோடு இருக்காது. "இதெல்லாம் ஒரு வேலையா, உனக்கு யார் டிகிரி கொடுத்தது?" என்று மட்டும் வரும். எங்கே தப்பு என்று கேட்டால் அதற்கும் ஒரு திட்டு. பிறகுதான் தெரிந்தது, அவர் முதல் பக்கத்துக்கு மேல் படிப்பதே இல்லை. அந்த ஏழு மாதத்தில் நான் கற்றது பயம் ஒன்றுதான். பயத்தில் கேள்வி கேட்பதை நிறுத்தினேன், கேள்வி கேட்காத பொறியாளர் ஆபத்தானவர் என்பதால் வெளியே வந்தேன். இன்றும் அதற்காக வருத்தப்படவில்லை.

உங்களுடையவர் அந்த ரகம் இல்லை என்று ஏன் சொல்கிறேன்? நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். அந்த வட்டம் ஓர் எண்ணைச் சுற்றி, துல்லியமாக அந்த ஒரே எண்ணைச் சுற்றி இருக்கிறது. உங்களைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. பேனா வேலையின் மேல் நிற்கிறது, ஆளின் மேல் ஏறவில்லை. காலை ஐந்தரைக்கு உங்களை வரச் சொல்லிவிட்டு அவர் தூங்குவதும் இல்லை, அவரும் அங்கே இருக்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. நான்கு முறை திருப்பினார், ஐந்தாவது முறையும் வேலையை உங்கள் கையில்தான் விட்டிருக்கிறார், பிடுங்கி வேறொருவரிடம் கொடுக்கவில்லை.

ஆட்கள் எதிரில் சத்தம் போட்டது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் மனம் நொந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு அதே கம்பி கட்டும் ஆட்களிடம் நீங்கள் போய், 'இதைப் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள்' என்று சொல்ல வேண்டியிருக்கும். உங்களை அவர்கள் மதிக்காவிட்டால் கம்பி அப்படியே இருக்கும். இதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டும். அலுவலகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, மரியாதையாக. "சார், அன்றைக்கு நான் விட்டது தப்புதான். ஆனால் ஆட்கள் முன்னால் சொன்னதிலிருந்து அவர்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. இனிமேல் தனியாகக் கூப்பிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள்." இந்த மாதிரி. அதற்கு முன் மின்னஞ்சல் எதுவும் வேண்டாம். அந்தத் தலைமுறைக்கு மின்னஞ்சலில் வரும் மனவருத்தம் வக்கீல் நோட்டீஸ் மாதிரித் தெரியும்.

கேள்விக்குறியோடு மட்டும் திரும்பி வருவது உங்களுக்கு எரிச்சல். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அடுத்த கணக்கைக் கொடுக்கும்போது மேலே கையால் எழுதிய ஒரு பக்கம் வையுங்கள். கம்ப்யூட்டர் இல்லாமல், தோராயமாக, இந்த விடை எவ்வளவு வர வேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்கள், ஏன் நினைத்தீர்கள் என்பது மட்டும். 200 மில்லிமீட்டர் தளத்தில் ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட அரை டன் என்பது விரல் நுனியில் இருந்தால், மென்பொருள் தரும் எண் சரியா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பாரம் சீராக இருந்தால், வீச்சு (தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்) இரண்டு மடங்கானால் வளைதிருப்பம் (தளத்தை வளைக்கப் பார்க்கும் திருப்பம்) நான்கு மடங்கு, தொய்வு, கனத்தை மாற்றாவிட்டால், பதினாறு மடங்கு. இதெல்லாம் நீங்கள் இரண்டாம் வருடத்திலேயே படித்ததுதான், ஆனால் உடம்பில் இறங்கியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அவருக்கும் நீங்கள் எங்கே வழி தவறினீர்கள் என்று தெரியும். கேள்விக்குறிக்குப் பதில் ஒரு வாக்கியமாவது எழுதுவார். எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் கேளுங்கள். வாரம் முழுக்க வந்த வட்டங்களை மொத்தமாக எடுத்துக்கொண்டு போங்கள்.

பொறியாளர்களைப் பதிவு செய்யும் பொறியியல் கவுன்சிலுக்கான பயிற்சி அறிக்கைகளைத் தள்ளிப்போடாமல் எழுதுகிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை, அதனால் கேட்கிறேன். பதிவுக்குக் குறைந்தது மூன்று வருடப் பயிற்சி வேண்டும், ஆனால் வருடக் கணக்கு மட்டும் போதாது. பொறுப்பு ஐந்து படியாக ஏற வேண்டும்: கூட இருந்து பார்ப்பது, கை கொடுப்பது, பங்கெடுப்பது, பெரும்பகுதியைச் செய்வது, கடைசியாக முழுவதையும் தானே நடத்துவது. ஜோகன்னஸ்பர்க்கில் உங்கள் நண்பர்கள் முதல் நாளே ஐந்தாம் படியில் நிற்பதாக நினைக்கிறார்கள். அவர்களுக்காக எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. நாளைக்கு அவர்கள் அறிக்கையில் 'இவர் இதைச் செய்ததை நான் பார்த்தேன்' என்று யார் கையெழுத்துப் போடுவார்?

ஆகவே என் பதில்: இப்போது போகாதீர்கள். புரொஃபஷனல் இன்ஜினியர் பதிவுக்கு விண்ணப்பம் போகும்வரை இருங்கள், ஒன்றரை வருடத்துக்குள் ஆகக்கூடிய காரியம். சம்பள வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது, வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் அது சின்ன விஷயமும் இல்லை. சம்பளத்தைப் பற்றி அவரிடமே வெளிப்படையாகப் பேசுங்கள், அதில் வெட்கம் எதற்கு? அவரிடம் நீங்கள் பேசி மூன்று மாதம் ஆன பிறகும் ஆட்கள் முன்னால் சத்தம் தொடர்ந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது போவதைப் பற்றி யோசிப்போம். ஆனால் அப்போதும் புது இடத்தில் முதல் கேள்வி, "என் கணக்கை யார் பார்ப்பார்கள்?" என்பதாக இருக்கட்டும். பெயர் சொல்லட்டும். சொல்லவில்லை என்றால் அந்த வேலை வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், பிள்ளை திட்டு வாங்குவது எந்தத் தாய்க்கும் பொறுக்காது. என் அம்மாவும் திருச்சியிலிருந்து ஃபோன் போட்டு அழுதிருக்கிறார். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அப்பாவையும் டர்பனைச் சுற்றியுள்ள பழைய கோவில்களுக்கு அழைத்துப் போங்கள். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கோவில் கட்டியவர்களில் ஒருவர் பெயர் கொத்தனார் ராமசாமிப் பிள்ளை. தொழிலே பெயராகிவிட்டது, பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது. யாரோ ஒரு கொத்தனார், கரணையைப் பிடுங்கி, பூசியதைச் சுரண்டிப் போட்டுவிட்டு, திரும்பப் பூசு என்று சொல்லியிருப்பார். அந்தக் கோவில்களைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் பெயர் தெரியாத அந்த ஆளை நான் நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய பக்கம். அவர் எதை வட்டமிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல மாட்டேன். அவர் இத்தனை நாள் காத்திருப்பதை நான் ஒரு வரியில் கெடுக்கக் கூடாது. உங்கள் பாரப் பட்டியலையும் கட்டடக் கலைஞர் அனுப்பிய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் விரலால் தொட்டு, பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பால்கனியின் நுனியிலிருந்து ஆரம்பியுங்கள்.